கினிப்பிக் கொட்டிலில் குளிர்காலம்

கொழும்பில் குளிர்காலம் என்று ஒன்று கிடையாது. வெள்ளவத்தையில், கடற்கரை ரயில் பாதையிலிருந்து நாலு வீடு தள்ளி இருந்த எங்கள் வீட்டில் மட்டும் ஒருமுறை வந்தது. அதைக் கொண்டு வந்தவர் அப்பா. துணை போனவள் நான்.

போன மாதம் என்னிடம் படித்த ஒருத்தி தன் மகளையும் கூட்டிக்கொண்டு என்னைப் பார்க்க வந்திருந்தாள். தேத்தண்ணீர் குடித்துக்கொண்டே, "டீச்சர் ஒருநாளும் ஒருத்தரையும் நல்லா வாசிக்கிறாய் எண்டு சொன்னதில்லை" என்று மகளுக்குச் சொல்லிச் சிரித்தாள். முப்பது வருஷத்துக்கு மேல் பிள்ளைகளுக்கு வாசிப்புப் பழக்கினேன். அவள் சொன்னது உண்மைதான். சரி என்று சொல்வேன், அடுத்த பந்தி என்பேன், இருக்கச் சொல்வேன். அந்தச் சொல் மட்டும் என் வாயில் வராது. நான் கடுமையான டீச்சர் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். நானும் அப்படியே நினைக்க விட்டுவிட்டேன்.

அப்பா அரசாங்கக் கந்தோர் ஒன்றில் பிரதம லிகிதராக இருந்தவர். அரசாங்க உத்தியோகத்தர் எல்லாரும் எழுத வேண்டியிருந்த சிங்களச் சோதனையை எழுத மாட்டேன் என்று பிடிவாதமாக நின்று, ஐம்பத்திரண்டு வயதில் பென்ஷனோடு வீட்டுக்கு வந்தார். அந்தப் பிடிவாதத்துக்காக ஊர் அவரை மெச்சியது. அவரோடு ஒரே வீட்டில் இருந்திருந்தால் ஊர் கொஞ்சம் யோசித்திருக்கும். கந்தோரில் இருபது பேரை ஆட்டிப் படைத்த மனிதருக்கு, வீட்டுக்கு வந்தபின் ஆட்டிப் படைக்க மிஞ்சியது இரண்டே பேர், அம்மாவும் நானும். எட்டரைக்குச் சவரம் செய்து, வெள்ளை ட்ரில் காற்சட்டை போட்டு, சப்பாத்து மாட்டி, வெளிவிறாந்தையில் மேசையைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். சோற்றில் கல் இருந்தால் அம்மாவிடம் விளக்கம் கேட்பார். பதில் சொன்னால் எதிர்த்துக் கதைப்பதாக ஆகும். சொல்லாவிட்டால் திமிர் என்று ஆகும். இரண்டுக்கும் தண்டனை ஒன்றுதான், கோப்பை சுவரில் போய் விழும்.

கினிப்பிக்குகள், வாலில்லாத சீமை எலிகள், வந்தது அந்தக் காலத்தில். அப்பாவுக்கு மேலதிகாரியாக இருந்த பறங்கித் துரை ஒருவர் குடும்பத்தோடு அவுஸ்திரேலியாவுக்குப் போனார். அப்போது அவர்கள் ஆட்கள் ஒவ்வொரு மாதமும் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். பியானோவை ஒருவருக்கும் நாயை இன்னொருவருக்கும் கொடுத்த துரை, மூன்று கினிப்பிக்குகளையும் அவற்றை வளர்ப்பது பற்றிய ஓர் இங்கிலிஷ் புத்தகத்தையும் அப்பாவுக்குக் கொடுத்தார். பன்றி என்று முடியும் பெயர் எதுவும் சுவாமிப் படம் இருக்கிற வீட்டுக்குள் வரக்கூடாது என்று அம்மா சொன்னார். அம்மா அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சொன்ன மிகச் சில வாக்கியங்களில் அது ஒன்று. அதனால் அவை வீட்டுக்குள் வரவில்லை. பின் வளவில், குசினிச் சுவரோடு ஒட்டியிருந்த விறகுக் கொட்டிலை ஒழித்து அப்பா அங்கே விட்டார். நாலு பக்கமும் பலகை, மேலே தகரம், முன்பக்கம் கம்பி வலை. விறகு எல்லாம் குசினிக்குள் வந்தது. அம்மா விறகோடு நெருக்கிக்கொண்டு சமைத்தார்.

மூன்று ஏழாகியது. அப்பா பெயர் வைக்கவில்லை, இலக்கம் கொடுத்தார். ஒன்றாம் இலக்கம் கறுப்பும் வெள்ளையும். இரண்டு சுத்த மண்ணிறம். அப்படியே ஏழுவரை. காலையில் சந்தைக்குப் போய்க் முட்டைக்கோவாவின் வெளி இலைகளும் கரட் தழையும் பொறுக்கி வருவது என் வேலை. மரக்கறிக்காரர் என்னைக் கண்டதும், "நங்கி, மீயொன்ட கொளத?" என்று கேட்பார், தங்கச்சி, எலிகளுக்கு இலையா என்று. பக்கத்துக் கடைக்காரர்களும் சிரிப்பார்கள். பத்தொன்பது வயதுப் பெட்டைக்கு அந்தச் சிரிப்பு எவ்வளவு எரியும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அப்பாவின் சப்பாத்துச் சத்தம் பின் வளவுச் சரளைக் கல்லில் கேட்டதும் அவை விசிலடிக்கும். ஏழும் வலைக்கு ஓடிவந்து, பின்கால்களில் எழும்பி, கீச் கீச்சென்று கொட்டிலே அதிரக் கத்தும். அதே சத்தம் வீட்டுக்குள் கேட்டால் நான் புத்தகத்தை எடுத்து மடியில் வைப்பேன், அம்மா இருமலை விழுங்குவார். அவர் வருகிறார் என்று சந்தோஷப்பட்ட சீவன்கள் அந்த வளவில் அவை ஏழும்தான். அவருக்கும் அது தெரியும். கம்பி வலைக்குள் விரலை விட்டு, "ஓம் ஓம், வந்திட்டன்" என்பார். அந்தக் குரலை நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. எனக்கு அந்த மிருகங்கள் மீது பொறாமை இருந்தது. இப்போது சொல்ல வெட்கமில்லை.

இரண்டு கண்ணிலும் புரை வளர்ந்துகொண்டிருந்தது அவருக்கு. கண்ணாஸ்பத்திரியில் வெட்டி எடுக்கலாம் என்று டொக்டர் சொல்லி ஒரு வருஷமாகியும் போகவில்லை. பயம். பயம் என்று சொல்ல மாட்டார், பிறகு பார்ப்பம் என்பார். ஆளின் உருவம் தெரியும், நிறம் அரைகுறையாகத் தெரியும், எழுத்துத் தெரியாது. அதனால் பின்னேரம் ஐந்து மணிக்கு நான் வாசிக்க வேண்டும். முதலில் பேப்பர், பிறகு அந்தக் கினிப்பிக் புத்தகம். உச்சரிப்புப் பிழைத்தால் தலையில் குட்டு விழும். கண் தெரியாத மனிதருக்கு என் உச்சந்தலை இருக்கும் இடம் மட்டும் ஒருநாளும் தவறியதில்லை. குட்டிவிட்டு, "இதுதானோ நீ படிச்ச இங்கிலிஷ்" என்று கேட்பார். மூன்று வருஷத்தில் ஒருமுறை கூடச் சரி என்று சொன்னதில்லை.

கார்த்திகை மாதம் எனக்கு ஆசிரியர் கலாசாலையிலிருந்து கடிதம் வந்தது. இடம் கிடைத்திருக்கிறது, தை மாதம் இத்தனையாம் திகதிக்குள் வந்து சேர வேண்டும், விடுதி உண்டு. அந்தக் கடிதத்தையும் நான்தான் அவருக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் உச்சரிப்புப் பிழைத்தது. குட்டு விழவில்லை. முழுவதையும் கேட்டுவிட்டு, "எனக்கு ஆர் வாசிக்கிறது?" என்று கேட்டார்.

கண்ணை வெட்டிவிட்டால் நீங்களே வாசிக்கலாமே என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லி முடிக்கமுன், பிறகு பார்ப்பம் என்றார். கையை நீட்டிக் கடிதத்தை வாங்கி, இரண்டாக மடித்து, மடியில் இருந்த கினிப்பிக் புத்தகத்துக்குள், நாங்கள் நிறுத்திய பக்கத்தில் வைத்து மூடினார். பக்க அடையாளத்துக்கு அதுவரை ஒரு பஸ் டிக்கட் இருந்தது. அன்றிலிருந்து என் கடிதம் இருந்தது. ஒவ்வொரு பின்னேரமும் புத்தகத்தைத் திறந்து, என் பெயர் எழுதிய கடிதத்தை எடுத்து ஒரு பக்கம் வைத்து, வாசித்து, திரும்ப அதையே வைத்து மூட வேண்டும். வேண்டுமென்று செய்தாரா, கைக்கு அகப்பட்டதைச் செருகினாரா என்று எனக்கு இன்றும் தெரியாது. அப்போது எனக்கு அதில் சந்தேகமே இருக்கவில்லை.

மார்கழி பிறந்தது. யாழ்ப்பாணத்தார் எங்கே போய்க் குடியிருந்தாலும் மார்கழிப் பனியையும் மூட்டையில் கட்டிக்கொண்டு போகிறவர்கள். கொழும்பில் அந்த மாதம் விடியலில் மின்விசிறியை ஒரு படி குறைத்தால் போதும். எங்கள் ஒழுங்கையிலோ திருவெம்பாவைக்குச் சங்கு ஊதிக்கொண்டு போகிறவர்கள் எல்லாரும் தலையில் மப்ளர் சுற்றியிருப்பார்கள். பனி தலையில் இறங்கினால் தடிமன், நெஞ்சில் இறங்கினால் சன்னி. இது எங்களுக்குப் பால்குடியில் ஏறிய பயம். அப்பா படுக்கையிலிருந்து எழும்பும்போதே மப்ளரோடு எழும்புவார்.

புத்தகத்தில் அப்போது நாங்கள் வந்து சேர்ந்த அத்தியாயம் குளிர்காலம்.

எழுதியவர் இங்கிலாந்தில் எங்கேயோ தோட்டம் வைத்திருந்த ஒரு சீமாட்டி. கொட்டிலின் இடுக்குகளை அடையுங்கள், வைக்கோலைத் தடிப்பாகப் போடுங்கள், முன்பக்கத்துக்குச் சாக்குத் திரை போடுங்கள், கடும் குளிர் நாட்களில் பகலிலும் திரையை எடுக்காதீர்கள், முடிந்தால் கம்பளித் துணியால் போர்த்துங்கள் என்று எழுதியிருந்தார். அப்பா ஒவ்வொன்றையும் இரண்டுமுறை வாசிக்கச் சொன்னார். கந்தோரில் சுற்றறிக்கை வந்தால் அதில் உள்ளதை உள்ளபடி செய்து பழகிய மனிதர். அச்சில் இங்கிலிஷில் இருந்தால் அதற்கு மேல் பேச்சில்லை. பனிக்குப் பயந்த யாழ்ப்பாணத்தானும் சுற்றறிக்கைக்குக் கட்டுப்பட்ட லிகிதரும் ஒரே ஆளுக்குள் சந்தித்துக் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

அந்த அத்தியாயத்தின் கடைசிப் பந்தி சின்னது. குளிரைவிட வெப்பம் இந்த மிருகங்களை விரைவாகக் கொல்லும், இதமான நாளில் வெயில் படுகிற கொட்டிலை ஒருபோதும் மூடி வைக்காதீர்கள், சில மணி நேரத்தில் எல்லாம் இறந்துவிடும் என்று இருந்தது.

அதை நான் வாசிக்கவில்லை. கண் அதன் மேல் ஓடியது, வாய் ஓடவில்லை. புத்தகத்தை மூடிக் கடிதத்தைச் செருகி, அத்தியாயம் முடிஞ்சுது என்றேன். அந்த நேரம் நான் பெரிய திட்டம் எதுவும் போட்டிருக்கவில்லை. அவருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும் என்பதே போதுமாக இருந்தது. குட்டுப்பட்ட தலைக்கு அது எண்ணெய் வைத்தது போல இருந்தது.

அடுத்த நாளே வேலை தொடங்கியது. பலகை இடுக்குகளைப் பழைய பேப்பரால் நான் அடைத்தேன். தெஹிவளையில் மாடு வைத்திருந்த ஒருவரிடமிருந்து வைக்கோல் வந்தது. சாக்குகளைப் பிரித்து இரட்டையாகத் தைத்துத் திரை செய்தது அம்மா. குசினியிலிருந்து வயர் இழுத்து உள்ளே ஒரு நாற்பது வாட் பல்பு தொங்கவிட்டார் அப்பா. கடைசியில் கம்பளி. வீட்டில் கம்பளி ஒன்றுதான் இருந்தது. அம்மாவுடையது.

அம்மாவுக்குத் தொய்வு. மழைக்காலத்திலும் மார்கழியிலும் மூச்சு இழுக்கும். அந்தக் காலத்தில் பொய்யில்லாமல் குளிரும் ஒரே நெஞ்சு அந்த வீட்டில் அதுதான். அப்பா அறைக்குள் போய்க் கம்பளியைத் தடவி எடுத்துக்கொண்டு வந்தார். நாலாம் இலக்கம் குட்டி போட இருக்கிறது, அதற்குத்தான் இப்போது தேவை என்றார். அம்மா கையில் அகப்பையோடு நின்றுகொண்டிருந்தார். "அதுகளாவது சூடாக் கிடக்கட்டும்" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து இரண்டு பழைய சீலையை மடித்துப் போர்த்துக்கொண்டு படுத்தார். விடியலில் அவர் இழுக்கிற சத்தம் கேட்டால் அப்பா, குசினி யன்னலைச் சாத்து, பனி வருகுது என்பார்.

நாலாம் இலக்கத்தின் மீது அவருக்குக் கொள்ளை ஆசை. கினிப்பிக் குட்டிகள் உடம்பு முழுக்க மயிரோடும், கண் திறந்தபடியும் பிறக்கும் என்று புத்தகத்தில் இருந்ததை அடிக்கடி கேட்டார். "பிறக்கேக்கையே கண் தெரியும்" என்று தனக்குள் சொல்லிக்கொள்வார். முன் பிறந்த குட்டிகளை அவர் வடிவாகக் காணவில்லை. இந்த முறையாவது கையில் எடுத்து, முகத்துக்குக் கிட்டப் பிடித்துப் பார்க்க வேண்டும் என்று இருந்தார். கந்தோர் போய், கண் போய், அந்த மனிதருக்கு எதிர்பார்க்க என்று இருந்தது அது ஒன்றுதான். அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று யாரும் எனக்காகப் பரிந்து கதைக்க வேண்டாம்.

முதல் சில நாட்கள் பின்னேரம் திரையைப் போட்டுக் காலையில் எடுத்தார். அதனால் ஒன்றும் நடக்கவில்லை.

திருவாதிரை அன்று கொட்டாஞ்சேனைப் பக்கம் சிவன் கோயிலுக்குப் போவது எங்கள் வழக்கம். அந்த வருஷம் விடியலில் காற்று கொஞ்சம் குளிர்ந்துதான் இருந்தது. மப்ளரும் சால்வையுமாகக் கொட்டில் முன் நின்ற அப்பா, திரையை எடுப்பதா விடுவதா என்று யோசித்துக்கொண்டு நின்றார். நாங்கள் திரும்பி வர மத்தியானம் ஆகும். புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார். கொண்டுவந்து திறந்தேன். கடிதம் சரளையில் விழுந்தது. குனிந்து எடுத்தேன். வந்து சேர வேண்டிய திகதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

"பகலிலை திறக்கச் சொல்லிக் கிடக்கோ எண்டு வடிவாப் பார்த்துச் சொல்லு" என்றார்.

அந்தச் சின்னப் பந்தி என் பெருவிரலுக்குக் கீழே இருந்தது. உள்ளே அவை அவர் குரலைக் கேட்டு விசிலடித்துக்கொண்டிருந்தன.

"மூடித்தான் வைக்க வேணுமெண்டு கிடக்கு, அப்பா."

அவர் நம்பினார். வாசிப்பில் என்னை ஒருநாளும் நம்பாத மனிதர் அன்றைக்கு மட்டும் நம்பினார். சாக்கை இழுத்து நாலு மூலையும் ஆணியில் மாட்டி, பல்பு எரிகிறதா என்று என்னைக் கேட்டு, எரிகிறது என்றதும் வந்து செருப்பை மாட்டினார்.

கோயிலில் சரியான சனம். தரிசனம் முடிந்து வெளியே வரும்போது பத்து மணி தாண்டிவிட்டது. குளிர்ச்சி எல்லாம் எங்கேயோ போய், தெருவில் தார் மணக்கத் தொடங்கியிருந்தது. கொட்டாஞ்சேனையில் அப்பாவின் ஒன்றுவிட்ட தம்பி வீடு இருந்தது. களியும் சாப்பாடும் உண்டு, வராமல் போகக்கூடாது என்று அவர் பிடித்துக்கொண்டார். உள் அறையில் யன்னல் சாத்தி, மேசை மின்விசிறி போட்டு, சாய்கதிரை தந்தார்கள். அப்பாவுக்கு நெடுநாளைக்குப் பிறகு கதைக்க ஓர் ஆம்பிளை கிடைத்தது. சித்தப்பா அவரை அண்ணை அண்ணை என்று கூப்பிட்டு, கந்தோர்க் கதைகளைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மத்தியானம் நான் வாசற்படியில் போய் நின்றேன். எதிர் வீட்டுக் கூரைத் தகரம் கண்ணைக் குத்தியது. எங்கள் கொட்டிலின் கூரையும் அதே தகரம்தான். உள்ளே இரட்டைச் சாக்கு, வைக்கோல், கம்பளி, நாற்பது வாட் பல்பு. நான் கணக்கில் கெட்டிக்காரி இல்லை, ஆனால் இது கூட்டத் தெரியும். அப்போதே உள்ளே போய், அப்பா வாங்கோ போவம் என்று சொல்லியிருக்கலாம். பஸ்ஸில் ஒரு மணித்தியாலம். காலம் இருந்தது.

சாப்பிட்டு முடித்ததும் அப்பா கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். வெளியே வெயில் எப்படி என்று. அந்த இருட்டறையில் அவருக்கு அது தெரிய வழியில்லை.

"மப்பாக் கிடக்கு" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுச் சாய்ந்துகொண்டார். எனக்குப் பக்கத்தில் அம்மா வெற்றிலைத் தட்டோடு இருந்தார். சற்று முன்னர்தான் அவர் பின் வளவுக்குப் போய்க் கை கழுவிவிட்டு வந்தவர், முந்தானையால் நெற்றி வியர்வையைத் துடைத்தபடி. என்னைப் பார்த்தார். நீளமாகப் பார்த்தார். பிறகு பாக்கை எடுத்து வெட்டத் தொடங்கினார்.

அவை சாக வேண்டும் என்று நினைத்தேனா என்று என்னையே பலமுறை கேட்டிருக்கிறேன். அவர் அழ வேண்டும் என்று நினைத்தேன். அதுதான் உண்மை. அவர் அழுவதற்கு வேறு வழி எதுவும் எங்களிடம் இருக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது நாலு மணி. பஸ்ஸை விட்டு இறங்கி ஒழுங்கையால் நடக்கும்போதே முகத்தில் வெயில் அடித்தது. அப்பா நடையை எட்டிப் போட்டார். கோயிலுக்குப் போன செருப்பைக் கழற்றிவிட்டு, சப்பாத்தை மாட்டிக்கொண்டு பின் வளவுக்குப் போனார். அந்தச் சத்தம் கேட்டால்தான் அவை அடையாளம் கண்டுகொள்ளும் என்பதற்காக.

சரளையில் சப்பாத்துச் சத்தம் கேட்டது. வேறு ஒரு சத்தமும் கேட்கவில்லை.

அவர் திரையைக் கழற்றினார். உள்ளேயிருந்து வந்த சூடும் நாற்றமும் குசினி வாசலில் நின்ற என் முகத்தில் பட்டது. ஒரு மூலையில் ஒன்றின் மேல் ஒன்றாக, காற்று வந்த ஒரே பலகை இடுக்கில் மூக்கை வைத்தபடி கிடந்தன. அந்த இடுக்கைப் பேப்பரால் அடைத்தது நான். பேப்பரைக் கடித்துக் கடித்துப் பாதி எடுத்திருந்தன. அவருக்கு அது எதுவும் தெரியவில்லை. கையை உள்ளே விட்டுத் தடவினார்.

"சூடாத்தான் கிடக்குதுகள்" என்றார். "நல்ல நித்திரை."

அவர் ஒவ்வொன்றாகத் தொட்டு இலக்கம் சொன்னார். ஒன்று. இரண்டு. தொட்டுத் தொட்டு, அசைத்து, விரல் மெல்ல மெல்ல நிதானம் இழந்தது. ஐந்து. ஏழு. கம்பளி மடிப்புக்குள் கை போனபோது நின்றது. எதையோ எடுத்தார். உள்ளங்கையில் அடங்கியது. மறுபடி கையை விட்டு இன்னொன்றை எடுத்தார்.

நாலாம் இலக்கம் அந்தச் சூட்டுக்குள் குட்டி போட்டிருந்தது. உடம்பு முழுக்க மயிர். புத்தகத்தில் சொன்னபடியே கண் திறந்துதான் இருந்தது. அப்பா இரண்டையும் முகத்துக்குக் கிட்டப் பிடித்தார். ஒரு கண்ணுக்கு, பிறகு மற்றக் கண்ணுக்கு. அப்போதுதான் அவருக்கு விளங்கியது. சரளையில், வெள்ளைக் காற்சட்டையோடு, அப்படியே இருந்துவிட்டார்.

அழுதார். நான் பார்க்க ஆசைப்பட்டது அதுதான், பார்த்தேன். வாயைத் திறந்து, சத்தம் வராமல், சின்னப் பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுவதைப் போல. எனக்குச் சந்தோஷம் வரவில்லை. பயமும் வரவில்லை. போய்க் குசினிக்குள் அடுப்பை மூட்டித் தேத்தண்ணீர் போட்டேன்.

தன் கண்ணால் வந்த பிழை என்று அவர் முடிவு கட்டினார். கண் தெரிந்திருந்தால் மப்பா வெயிலா என்று தானே பார்த்திருப்பேன், திரை போட்ட பிறகு உள்ளே எப்படி இருக்கிறது என்று பார்த்திருப்பேன் என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த கிழமையே கண்ணாஸ்பத்திரிக்குப் போக ஒப்புக்கொண்டார். ஒரு வருஷம் நாங்கள் கெஞ்சியும் அசையாத ஆள். அம்மா கம்பளியை மூன்றுமுறை தோய்த்து, மூன்று நாள் வெயிலில் போட்டு, நாலாம் நாள் எடுத்துப் போர்த்துக்கொண்டு படுத்தார். அதைப் பற்றி நானும் அம்மாவும் ஒருநாளும் கதைத்ததில்லை. அம்மா சாகும்போதும் அந்தக் கம்பளிதான் கட்டிலில் கிடந்தது.

ஒரு கண் முதலில், மற்றக் கண் பிறகு. ஆஸ்பத்திரி, கட்டு, சொட்டு மருந்து, அவர் தலையை அசையாமல் வைத்துக்கொண்டு கிடந்த நாட்கள் என்று தை மாதம் போய், மாசியும் போனது. எனக்குக் குறித்த திகதி அதற்குள் எங்கேயோ போயிற்று. யாரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை, கேட்க எனக்கும் வாய் இருக்கவில்லை. சித்திரை கழிந்து வைகாசியில்தான் போத்தலடித் தடிப்பில் கண்ணாடி கிடைத்தது. அதைப் போட்டதும் அவர் கண் இரண்டும் பெரிதாகி, எங்கே நின்றாலும் என்னையே பார்ப்பது போல இருந்தது.

முதல் மூன்று நாள் பேப்பரை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை தானே வாசித்தார். நாலாம் நாள் பகல் முழுக்க அறைக்குள் இருந்தார். பின்னேரம் ஐந்து மணிக்கு என்னைக் கூப்பிட்டார். போனேன். மேசையில் கினிப்பிக் புத்தகம் இருந்தது. கண்ணாடி இருக்கிறதே, இனி நான் எதற்கு என்று கேட்கத் தோன்றியது. குளிர்கால அத்தியாயத்தை வாசி என்றார்.

திறந்தேன். கடிதம் அங்கேயே இருந்தது. எடுத்து ஒரு பக்கம் வைத்தேன். இடுக்குகளை அடைப்பது, வைக்கோல், சாக்குத் திரை, கம்பளி. ஒரு சொல்லும் விடாமல் வாசித்தேன். அவர் பின்னால் சாய்ந்து, கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, முன்பு கேட்டது போலவே கேட்டார். கடைசிப் பந்தி வந்தது. விடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அவர் அதை ஏற்கெனவே வாசித்துவிட்டார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. குளிரைவிட வெப்பம் விரைவாகக் கொல்லும் என்பதை வாசித்தேன். வெயில் படுகிற கொட்டிலை ஒருபோதும் மூடி வைக்காதீர்கள் என்பதை வாசித்தேன். சில மணி நேரத்தில் என்ன நடக்கும் என்பதையும் முற்றுப்புள்ளிவரை வாசித்தேன். உச்சந்தலையைக் குட்டுக்குத் தயாராக வைத்துக்கொண்டிருந்தேன். குட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இப்ப நல்லா வாசிக்கிறாய்" என்றார்.

என் வாழ்க்கையில் அவர் வாயிலிருந்து எனக்குக் கிடைத்த ஒரே ஒரு நல்ல சொல். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, என் முன்னால் கிடந்த கடிதத்தை எடுத்து, மடிப்பை நீவி, என்னிடம் நீட்டினார். கலாசாலை தொடங்கி அப்போது நாலு மாதம் ஆகியிருந்தது.